லைன் இருக்கோ எண்டு பாத்தனான்

எங்கள் வீட்டு இணையம் சனிக்கிழமைகளில் மட்டும்தான் விழும். மற்ற நாட்களில் அதைப்போல நல்ல பிள்ளை கிடையாது. திங்களோ செவ்வாயோ பள்ளிக்கூடத்தால் வந்து கணினியைத் திறந்தால் ரவுட்டரின் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருக்கும். நான் செய்தி வாசிப்பேன், எங்கேயோ ஒருத்தி கத்தரிக்காய்ப் பால்கறி வைப்பதைப் பார்ப்பேன், ஒரு குழப்படியும் இராது. சனிக்கிழமை பின்னேரம் தலையிழுத்து, நல்ல சேலை மாற்றி, கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்து, "வணக்கம் பிள்ளைகள்" என்று வாயைத் திறந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது விளக்கு மினுங்கத் தொடங்கும். பிறகு அணைந்துவிடும். என்னை நன்றாகத் தவிக்க விட்டு, தன்பாட்டில் திரும்ப எரியும்.

கிழமை நாட்களில் இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில், யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம் புளியங்கூடலில் எங்கள் வீட்டு ஹோலில் இருந்தபடி, சுவிஸிலும் நோர்வேயிலும் ஜெர்மனியிலும் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாரும் இந்தத் தீவுகளில் இருந்து போனவர்களின் பிள்ளைகள். எங்களுக்குப் பின்னேரம் என்றால் அவர்களுக்குக் காலை. சிலர் படுத்த உடுப்போடு பாண் துண்டைக் கடித்துக்கொண்டே வந்து இருப்பார்கள். அவர்களுடைய வாய்க்குள் ழகரத்தை நுழைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு பிள்ளை நாக்கை மடித்து மடித்து, "வாழைப்பழம்" என்று முதல் தடவையாகச் சரியாகச் சொல்ல வந்த நேரத்தில் விளக்கு அணைந்தது. திரும்ப வந்தபோது பிள்ளைகள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "டீச்சர், நீங்கள் வாயைத் திறந்தபடி ஐஸாப் போனீங்கள்," என்றாள் ஒருத்தி. இன்னொருவன் அந்த வாயை எனக்குச் செய்தே காட்டினான். நானும் சிரித்தேன். வகுப்பு முடிந்ததும் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் கை நொந்தது.

கைபேசியில் நடத்தலாமே என்று சொல்லாதவர்கள் இல்லை. எங்கள் வளவில் கைபேசிக்கு ஒழுங்கான சிக்னல் கிடைப்பது வாசல் படலையடியில் மட்டும்தான். அங்கே நின்று இலக்கணம் சொல்லிக் கொடுத்தால் ஒழுங்கையால் போகிற ஆடுகள்தான் கேட்டுக்கொண்டு போகும். புதிய ஃபைபர் கம்பி எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. ஆகவே எனக்கு வாய்த்தது பழைய தொலைபேசிக் கம்பிதான். றோட்டுத் தூணில் இருந்து வேலிப் பூவரசுகளுக்கு மேலால் வந்து, கூரை விளிம்பால் ஹோலுக்குள் இறங்குகிற அந்தக் கறுப்புக் கம்பி.

அந்தக் கம்பி இணையத்துக்காக வந்தது அல்ல. அதை முதலே சொல்லிவிடவேண்டும். எங்கள் வீட்டில் அது யாருக்குச் சொந்தம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அது தம்பிக்குச் சொந்தம்.

தம்பி அம்மாவின் கடைக்குட்டி. அவுஸ்திரேலியாவுக்கு என்று படகில் போனவன். அந்தக் காலத்தில் அப்படித்தான் ஆட்கள் போனார்கள். இன்று சந்தையில் கண்டவன் நாளைக்கு இருக்கமாட்டான், பிறகு ஏதோ ஒரு முகாமில் இருந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பான். கைபேசி ஒன்றும் கொண்டு வரக் கூடாது என்று ஏற்றுகிறவர்கள் சொல்லிவிட்டார்களாம். தம்பி தன்னுடையதை யாருக்கோ கொடுத்துவிட்டு, ஏறுவதற்கு முன் எங்கோ ஒரு கடையில் இருந்து வீட்டு இலக்கத்துக்கு எடுத்தான். அம்மாதான் கதைத்தார். இலக்கத்தைப் பாடமாக்கிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவன் சிரித்துச் சிரித்து ஒப்புவித்தான். "போய்ச் சேந்த உடன வீட்டுக்கு எடுப்பன் அம்மா, நீங்கள் யோசியாதேங்கோ" என்றான். அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. அந்தப் படகு எந்தக் கரையிலும் ஏறியதாக ஒருவரும் சொல்லவில்லை. அதில் போன வேறு ஆட்களின் வீடுகளுக்கும் ஒரு சொல் வரவில்லை.

எங்கள் தம்பி உயிரோடு இல்லை. இதை இங்கே எழுதுகிறேன், வீட்டுக்குள் ஒரு நாளும் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் முதலில் மெதுவாகவும் பிறகு கொஞ்சம் உரத்தும் சொல்லிப் பார்த்தார்கள். காரியம் ஒன்றைச் செய்துவிட்டால் அவனுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது என்றார்கள். உடலைக் காணாமல் எப்படிச் செய்வது, எந்தத் திதியில் செய்வது என்று ஐயர் ஒரு வழி சொல்வார் என்றார்கள். அம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலுக்குப் போய்த் தம்பியின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வித்தார். அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செய்வது. பிறகு ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஆகவே எங்கள் வீட்டு இலக்கம் மாறக்கூடாது, கம்பி அறக்கூடாது, தொலைபேசி ஒரு கண நேரமும் செத்துக் கிடக்கக்கூடாது. இது அம்மாவின் சட்டம். அவனுக்குத் தெரிந்த இலக்கம் அது ஒன்றுதான். என்னுடைய கைபேசியும் இந்த வகுப்பும் எல்லாம் அவன் போன பிறகு வந்தவை.

இணையம் போடவேண்டும் என்று நான் சொன்னபோது அம்மா முதலில் ஏலாது என்றுதான் நின்றார். அதே கம்பியாலா வரப்போகிறது என்று கேட்டார். ஓம் என்றேன். அப்படியென்றால் வேண்டாம் என்றார். நான் நாட்கணக்காக மன்றாடி, பொருத்த வந்தவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகு தலையாட்டினார். பொருத்த வந்தவர் சுவரில் கம்பி வந்து முடிகிற இடத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைக் கொழுவினார். அதன் ஒரு வாயில் ஹோல் தொலைபேசி, மற்ற வாயில் ரவுட்டர். பேச்சையும் இணையத்தையும் பிரித்து விடுகிற பெட்டி அது என்றார். அம்மா அதைக் கிட்டப் போய் நின்று பார்த்தார்.

"இதுக்குள்ளால சுத்தி வந்தா குரல் மாறாதே?" என்று கேட்டார்.

"மாறாது அம்மா."

"ஆரின்ரை குரல் எண்டாலும்?"

"ஆரின்ரை எண்டாலும் மாறாது," என்றார் அந்த மனிதர். அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சனிக்கிழமை வியாதி தொடங்கியது. நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. முதலில் ரவுட்டரை நிற்பாட்டித் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ரவுட்டரில் இருந்து கணினிக்குப் போகிற கேபிளைப் பழுது என்று முடிவு கட்டி, யாழ்ப்பாணம் போய்ப் புதிது வாங்கி மாட்டினேன். சூட்டினால் இருக்கலாம் என்று ரவுட்டருக்குப் பக்கத்தில் மேசை விசிறியை வைத்தேன். வகுப்பு நேரம் விசிறிக் காற்று ரவுட்டருக்கு, வேர்வை எனக்கு. மின்சாரம் கூடிக் குறைவதால் இருக்கலாம் என்று அந்த நேரம் தண்ணிப் பம்பைப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அம்மா ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. வாளியில் அள்ளிக்கொண்டார்.

கம்பனியின் உதவி இலக்கத்துக்கு எடுத்தால் நெடுநேரம் பாட்டுக் கேட்டபிறகு கொழும்பில் இருந்து ஒரு பெண் குரல் வரும். "மேடம், இப்ப உங்க லைன் நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லும். இப்ப நல்லாத்தான் இருக்கும், இது திங்கட்கிழமை, சனிக்கிழமை பாருங்கள் என்றால் அந்தக் குரலுக்குச் சிரிப்பு வரும். ஒரு தடவை, "லைன்ல வேற போன் ஏதாவது கனெக்ட் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டது. ஹோலில் ஒன்று இருக்கிறது, அது பெட்டியோடு கொழுவித்தான் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொன்னேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கடைசியில் ஒருவரை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார், ஏணி ஒன்றைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கித் தூணில் ஏறினார், இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"அக்கா, இது உப்புக் காத்து. பொருத்து முழுக்கக் கறள் பிடிச்சுப் போச்சு. வெட்டிப் புதுசாப் பொருத்திவிட்டிருக்கிறன். இனி விழாது."

"தம்பி, நீர் நிச்சயமாத்தான் சொல்லுறீரோ? சனிக்கிழமையிலை மட்டும் உப்புக் காத்து வீசுமோ?"

அவர் சிரித்தார். "சனிக்கிழமை எல்லாரும் வீட்டில நிண்டு நெட் பாவிப்பினம் அக்கா," என்றார். அதையும் நம்பினேன். நம்புவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது. அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இணையத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல், "தம்பி, ரெலிபோன் வேலை செய்யுமெல்லே?" என்று மட்டும் கேட்டார். அவர் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, "அந்த மாதிரி வேலை செய்யுது அம்மா," என்றார்.

அடுத்து வந்த சனிக்கிழமை சதுர்த்தி. அம்மா பின்னேரப் பூசைக்குக் கோவிலுக்குப் போய்விட்டார். அன்று வகுப்பு தொடங்கி முடியும் வரைக்கும் விளக்கு ஒரு தடவையேனும் மினுங்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் முறைவைத்து வாழைப்பழம் சொன்னார்கள், நான் பாட்டும் படிப்பித்தேன். அம்மா திரும்பி வந்தபோது ஓடிப்போய், "கறள்தான் அம்மா, எல்லாம் கறள் செய்த வேலை," என்று சொன்னேன். அம்மா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "நல்லதெல்லே," என்றார். என் வாழ்க்கையில் கறளைப் பற்றி இவ்வளவு சந்தோசமாக நான் பேசியது கிடையாது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே விளக்கு அணைந்தது.

ஒரு பிள்ளையின் தாய் ஏற்கெனவே எனக்கு எழுதியிருந்தார். டீச்சரிலே ஒரு பிழையும் இல்லை, ஆனால் பாதி வகுப்புத்தான் நடக்கிறது, பிள்ளைக்கு ஆர்வம் போகிறது, வேறு இடம் பார்க்கலாமோ என்று யோசிக்கிறோம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அது நினைவுக்கு வர எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. இந்த முறை விளக்கு திரும்ப எரியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், கம்பியில் காகம் குந்துகிறதோ, பூவரசங் கொப்பு முட்டுகிறதோ, இப்போதே போய்ப் பிடிக்கிறேன் என்று கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். வெளியே போவதற்கு அம்மாவின் அறையைத் தாண்டித்தான் போகவேண்டும். கதவு பாதி திறந்திருந்தது. அம்மா கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். காதில் தொலைபேசி.

அந்தத் தொலைபேசி எனக்குத் தெரியாதது அல்ல. அப்பா பாயோடு கிடந்த காலத்தில், அவர் எழும்பி ஹோலுக்கு வர ஏலாது என்று தம்பிதான் மெல்லிய கம்பி ஒன்றைச் சுவரோரமாக இழுத்து, அந்த அறைக்குள் இரண்டாவது தொலைபேசி ஒன்றை வைத்தான். அப்பா போன பிறகு அது அலுமாரிக்குள் போனது. பிறகு எப்போதோ அம்மா அதை எடுத்துக் கட்டில் தலைமாட்டில் வைத்திருந்தார். அதன் மணி அடிப்பதில்லை. பாடாத வானொலியும் ஓடாத மணிக்கூடும்கூட அந்த அறையில் இருக்கின்றன, அதுபோல இதுவும் ஒரு சாமான் என்று நினைத்திருந்தேன். தூசி தட்டும்போது அதையும் தூக்கித் தட்டியிருக்கிறேன். அதற்குப் பின்னால் கம்பி சுவரில் கொழுவியிருக்கிறதா என்று பார்த்ததில்லை.

"என்னம்மா செய்யிறியள்?"

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒண்டுமில்லைப் பிள்ளை. லைன் இருக்கோ எண்டு பாத்தனான்."

"இப்ப என்னத்துக்குப் பாக்கிறியள்?"

"நீ கதைச்சுக்கொண்டிருக்கிறாயெல்லே. வெளிநாட்டுக்குக் கதைக்கேக்க லைன் போயிடுமோ எண்டு பயம். கூ எண்டு கேட்டா நிம்மதி, வச்சிடுவன்."

"ஒவ்வொரு சனிக்கிழமையும் பாக்கிறனீங்களோ?"

"நீ கதைக்கிற சத்தம் கேக்கேக்க எல்லாம் இடைக்கிடை எடுத்துப் பாக்கிறனான். அவன் அந்த நேரம் பாத்து எடுத்தானெண்டா என்ன செய்யிறது?"

எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. அந்த அறைக் கம்பிக்கு வெள்ளைப் பெட்டி இல்லை. பொருத்த வந்தவருக்கு அப்படி ஒரு தொலைபேசி இருப்பதே தெரியாது. பெட்டி இல்லாத தொலைபேசியை யார் தூக்கினாலும் அதே கம்பியில் ஓடுகிற இணையம் விழும். நான் தனியே இருந்து வாய் திறக்காமல் வாசிக்கிற நாட்களில் அம்மாவுக்குப் பயம் இல்லை, தூக்குவதில்லை. வாய் திறந்தால் தூக்குவார். உதவி இலக்கத்துப் பெண் கேட்டபோது நான் அடித்துச் சொன்ன பொய்யும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விளங்கியவுடன் இரக்கம் வந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். வந்தது கோபம். "இவ்வளவு நாளும் என்ரை வகுப்பைக் குழப்பினது நீங்களே? நான் கேபிள் மாத்தி, விசிறி வச்சு, தூணிலை ஆளை ஏத்தி, விசரி மாதிரித் திரிஞ்சனான்," என்று கத்தினேன்.

"நான் என்ன செய்தனான்? சும்மா காதிலைதானே வச்சனான்," என்றார் அம்மா. அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு விளங்கப்படுத்தினேன். ஒரே கம்பியில் தொலைபேசியும் போகலாம், இணையமும் போகலாம், ஒன்று மற்றதை மறிக்காது என்றேன். பண்ணைப் பாலத்தால் பஸ்ஸும் போகுது, சைக்கிளும் போகுது, அதுபோல என்றேன்.

"பாலம் பெருப்பிக்க முந்தி பஸ் வந்தா சைக்கிள் ஒதுங்கித்தான் நிக்கவேணும்," என்றார் அம்மா.

"இது ஒதுங்கத் தேவையில்லை அம்மா. நான் கதைச்சாலும் கதைக்காட்டிலும் அது அடிக்கும்."

"உனக்கெப்பிடித் தெரியும்? நீ கதைக்கேக்க ஆரும் எடுத்தவையோ?"

ஒருவரும் எடுத்ததில்லை. இப்போது யார் அந்த இலக்கத்துக்கு எடுக்கிறார்கள்? சொந்தக்காரர் எல்லாரும் என் கைபேசிக்குத்தான் எடுப்பார்கள், இல்லாவிட்டால் குரலைப் பதிந்து அனுப்புவார்கள். வீட்டுத் தொலைபேசிக்கு மாதக்கணக்காக ஒரு அழைப்பும் வந்தது இல்லை. அதை நினைக்க எனக்கு இன்னும் கோபம் கிளம்பியது. "அம்மா, அவன்..." என்று தொடங்கிவிட்டேன்.

அம்மா தொலைபேசியை இன்னும் கையில் பிடித்திருந்தார். "சொல்லன்," என்றார்.

அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஏலவில்லை. "அவன் எடுத்தா ரெண்டு போனுக்கும் வரும். அதைத்தான் சொல்ல வந்தனான்," என்றேன். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினார். "என்ரை போனிலை கை வையாதை," என்றார். ஹோலில் பிள்ளைகள் திரும்ப வந்து, "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போய் இருந்து படிப்பித்தேன். அன்று என்ன படிப்பித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அன்றில் இருந்து அம்மா வகுப்பு நேரத்தில் அந்த அறைக்குள் போகவில்லை. எனக்குக் கெடுதல் செய்யக் கூடாது என்று குசினி வாசலில் ஒரு பலகையில் இருப்பார். இணையம் விழவில்லை. ஆனால் நான் கதைத்துக்கொண்டிருக்கும்போது அம்மாவின் முகம் எனக்குத் திரைக்கு மேலால் தெரியும். அவருக்கு அந்த நேரம் முழுவதும் கம்பி செத்துத்தான் கிடக்கிறது. கை மடியில் இருக்கும், விரல்கள் சும்மா இரா. வகுப்பு முடிந்ததும் நான் கணினியை மூட முதலே எழும்பி அறைக்குள் போவார். நான் பிள்ளைகளுக்குக் குறில் நெடில் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, என் தாயை அவருடைய பிள்ளையிடம் இருந்து மறித்து வைத்திருப்பதாக எனக்குப் பட்டது. இதைப் பார்த்துக்கொண்டு என்னால் வகுப்பு நடத்த முடியவில்லை.

அறைத் தொலைபேசிக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி போட்டால் எல்லாம் சரி. அம்மா எத்தனை தடவை வேண்டுமானாலும் தூக்கிப் பார்க்கலாம், நானும் படிப்பிக்கலாம். யாழ்ப்பாணத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "இதை இப்ப ஆர் அக்கா கேக்கினம்? எல்லாரும் ஃபைபருக்கு மாறீட்டினம்," என்றார் ஒருவர். இன்னொரு கடையில், பழைய சாமான் போட்டிருந்த பெட்டியைக் கிளறி ஒன்றை எடுத்து ஊதித் தந்தார்கள். அதைக் கைப்பைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டில் எல்லாருடைய கவலையையும் நான் ஒருத்தி தீர்த்துவிடப் போகிறேன் என்று அந்தப் பஸ்ஸுக்குள் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அடுத்த நாள் காலை, அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது, அறைக்குள் போய்த் துவாயை விலக்கிப் பெட்டியைக் கொழுவினேன். கேட்டால் விடமாட்டார் என்றுதான் கேட்காமல் செய்தேன். காதில் வைத்தேன், கூ என்றது. ஹோலில் எட்டிப் பார்த்தேன், விளக்கு அணையவில்லை. சந்தோசமாக இருந்தது. இனி ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. யாராவது எடுத்து மணி அடிக்கும்போதும் இணையம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிடித்தால் அம்மாவிடம் போய், நான் இணையத்தில் இருந்தபோதே மணி அடித்தது, இப்போது நம்புவீர்களா என்று சொல்லலாம். அவர் கேட்ட கேள்விக்கு மறுமொழி கிடைத்துவிடும்.

கணினியில் ஒரு வானொலியை நேரடி ஒலிபரப்பில் போட்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டுப் படலையடிக்குப் போனேன். இணையம் விழுந்தால் கொஞ்சத்தில் வானொலி நின்றுவிடும், அங்கே நின்றே தெரிந்துவிடும். கைபேசியில் வீட்டு இலக்கத்தை அமத்தினேன். ஹோலில் மணி அடிக்கத் தொடங்கியது. வானொலியில் நகைக்கடை விளம்பரம் ஒன்று தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்தது, விளம்பரம் ஓடியது, மணி அடித்தது, விளம்பரம் ஓடியது. நன்றாக நிச்சயப்படுத்துவோம் என்று அடிக்க விட்டுக்கொண்டு நின்றேன். கிணற்றடி வீட்டுக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, மணி நிற்பதற்குள் வந்துசேர மாட்டார் என்றும் நினைத்துக்கொண்டேன்.

மணி இடையில் நின்றது. கைபேசிக்குள் மூச்சு இரைத்தது.

"ராசா," என்றது அம்மாவின் குரல்.

எனக்கு அந்தக் குரலைத் தெரியாது. நான் பிறந்ததில் இருந்து அம்மாவோடுதான் இருக்கிறேன், அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது. இளம் பெண்ணின் குரல் அது.

"ராசா, அம்மாதான். சொல்லு அப்பன். ஓடி வந்தனான், அதுதான் இளைக்குது. சொல்லு."

நான் கைபேசியைக் காதோடு இன்னும் அமத்தினேன்.

"கேக்கேல்லையோ? எனக்கு உன்ரை மூச்சுக் கேக்குது. நீ ஆறுதலாச் சொல்லு, நான் வைக்கமாட்டன். சாப்பிட்டியே அப்பன்? ... ஒண்டுக்கும் பயப்பிடாதை. இங்கை ஒருத்தரும் உன்னோடை கோவமில்லை. அம்மாக்கும் கோவமில்லை. ஏன் இவ்வளவு நாளும் எடுக்கேல்லை எண்டு கேக்கமாட்டன்."

அவருக்குப் பின்னால் வானொலி தெளிவாகக் கேட்டது. தாலிக்கொடிக்கு விசேட கழிவு என்று ஒருவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பி நன்றாக வேலை செய்தது. பேச்சும் இணையமும் ஒன்றையொன்று மறிக்காமல் ஓடிக்கொண்டிருந்தன. நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசாமல் வெட்டிவிட்டால் அவன்தான் எடுத்தான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்வார், நயினாதீவுக்குப் படகேறிப் போய் அம்மனுக்கு நேர்த்தி கொடுப்பார், சாகும் வரைக்கும் அந்தச் சந்தோசத்தில் இருப்பார். வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். எவ்வளவோ ஆசையாக இருந்தது. ஆனால் அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் அவன் எடுக்கமாட்டான், அம்மா இந்தமுறை சாப்பிடவும் எழும்பாமல் அந்தக் கட்டிலடியிலேயே இருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

"அம்மா," என்றேன். "நான்."

"ஆர்?"

"நான்தான் அம்மா. படலையடியிலை நிக்கிறன். லைன் சரியோ எண்டு அடிச்சுப் பாத்தனான்."

அந்தப் பக்கம் இரைப்பு மெல்ல மெல்ல அடங்கியது. விளம்பரம் முடிந்து பாட்டுத் தொடங்கியது. நான் அழுதுகொண்டிருந்தேன், அது அவருக்குக் கேட்டிருக்கும். ஏதாவது சொல்லுங்கள், என்னைப் பேசுங்கள், ஏசுங்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பிறகு எனக்குத் தெரிந்த அந்தப் பழைய குரல், ஒவ்வொரு நாளும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல், திரும்பி வந்தது.

"ஓ, நீயே," என்றது. "சரி, வை பிள்ளை. கெதியா வை. அவன் எடுத்தா எங்கேஜ் எண்டெல்லே கேக்கும்."

நான் வைத்தேன்.